கை வருது: பேட்டையில் ஒரு ரோபோவுக்குப் பேச்சு வைத்த அனுபவம்

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் மாவும் மசாலாப் பொடியும் பாக்கெட் போடும் அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது எமர்ஜென்சி பொத்தான்தான். ரோபோ வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சிவப்புக் குமிழின் மேல்பக்கம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. சுற்றியிருந்த மஞ்சள் தகடு முழுக்க மாவு விரல் தடம். எமர்ஜென்சி பொத்தான் என்பது வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்காக அவ்வப்போது அமுக்கிப் பார்க்க வேண்டிய சாமான். இங்கே அதைக் காலிங் பெல் மாதிரி அமுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

என்னைக் கூப்பிட்ட அண்ணாச்சி வைத்த கோரிக்கை இதுதான். "தம்பி, ரோபோ நல்லாத்தான் இருக்கு. இந்தப் பொம்பளைய பயந்து பயந்து ஆஃப் பண்ணிருதாவ. ஒரு தடவ அமுக்குனா திரும்ப எழுப்ப நாலு நிமிஷம் ஆவுது. அந்தப் பொத்தானக் கொஞ்சம் உள்ள தள்ளி, மூடி போட்டு வைக்க முடியுமா?"

"மூடி மட்டும் போட மாட்டேன் அண்ணாச்சி. எதுக்கு அமுக்குதாவன்னு ஒரு நாள் உக்காந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பேனல் வயரிங், பிஎல்சி (மெஷினை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) வேலை செய்பவன். ரோபோ எனக்குப் புதிதில்லை. ஆனால் ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளை ஒரு நாள் முழுக்கப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கூடத்தின் அமைப்பு இப்படி. இரண்டு பேக்கிங் மெஷினிலிருந்து அரைக் கிலோ பாக்கெட்டுகள் வரும். அவற்றைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அட்டைப் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, கன்வேயரில் விடுவார்கள். பெட்டி ஆறு கிலோ. கன்வேயரின் கடைசியில் ரோபோ கை பெட்டியை வாக்வம் கப்பால் (காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிண்ணம்) பிடித்துத் தூக்கி, இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கிற பலகையில் அடுக்கும். பத்துக் கிலோ வரை தூக்கும் கோபாட், அதாவது ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ அது. வேலி கிடையாது. ஆள் பக்கத்தில் வந்தால் தரைமட்டத்தில் உள்ள லேசர் ஸ்கேனர் கண்டுபிடித்து முதலில் வேகத்தைக் குறைக்கும், இன்னும் நெருங்கினால் நிறுத்தும். மேலே இடித்தால் தானே நின்றுவிடும். வேலியில்லாமல் ஆளும் ரோபோவும் ஒரே இடத்தில் வேலை செய்வதற்கு என்னென்ன வேண்டும் என்று 2016-இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற சர்வதேசத் தர ஆவணம் விவரமாகச் சொல்கிறது. உடம்பின் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் வரை தாங்கும் என்ற அட்டவணைகூட அதில் உண்டு. பொருத்தியவர்கள் அந்தக் கணக்கையெல்லாம் ஓரளவு பார்த்திருந்தார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ரோபோ என்ன சொல்லும், அவர் ரோபோவிடம் என்ன சொல்ல முடியும் என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

காலை ஆறு மணி ஷிப்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நோட்டில் இரண்டு கட்டம்: ரோபோ எப்போது நிற்கிறது, அப்போது ஆள் என்ன செய்கிறார். மத்தியானம் இரண்டு மணிக்குள் சிவப்புப் பொத்தான் பதினோரு தடவை அமுங்கியிருந்தது. அதில் ஒன்பது தடவை ரோபோவில் எந்தக் கோளாறும் இல்லை. பெட்டி வரவில்லை என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அது காத்துக்கொண்டு நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? ரோபோ ஐந்து காரணங்களுக்காக நிற்கும். பெட்டி வரவில்லை. ஆள் கிட்ட வந்துவிட்டார். பலகை நிறைந்துவிட்டது. கப் பிடிக்கவில்லை. எதிலோ இடித்துவிட்டது. இந்த ஐந்துக்கும் அது நிற்கிற நிலை ஒன்றேபோல இருந்தது. கடைசி நான்கிற்கும் டவர் லைட்டில் (மெஷினின் நிலையைக் காட்டும் அடுக்கு விளக்கு) ஒரே மஞ்சள். பெட்டிக்காகக் காத்திருக்கும்போதோ பச்சை, ஏனென்றால் புரோகிராம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! காரணம் எழுத்தில் ஓர் இடத்தில் வரும். சுவரோரப் பெட்டிக்குப் பின்னால் மாட்டிய டீச் பென்டன்டில் (ரோபோவை இயக்கும் கைத்திரை), ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

டேப் ஒட்டும் இடத்தில் இருபது வருஷமாக நிற்கிற மூத்த அக்காவிடம் டீ நேரத்தில் கேட்டேன்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. நின்னுக்கிட்டே இருக்குன்னு பெட்டியச் சரி பண்ணக் குனிவோம். டபக்குன்னு வந்துரும். முட்டுத மாடுகூட தலையத் தாத்திட்டுத்தான் வரும். இது ஒண்ணும் காட்டாம வருது."

பக்கத்தில் நின்ற சின்னப் பெண் சொன்னது எனக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. "அண்ணே, பச்சை எரிஞ்சா போலாம்னுதான அர்த்தம்? வண்ணார்பேட்டை சிக்னல்ல அப்படித்தான போறோம்? பச்சைதான எரியுதுன்னு போனேன், பெட்டி தோள்ல உரசிட்டு."

பச்சை என்றால் 'நான் ஓடுகிறேன்' என்று ரோபோ தன்னைப் பற்றிச் சொல்கிறது. 'நீ வரலாம்' என்று பார்க்கிற பெண் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறாள். அவள்மேல் தப்பே இல்லை. ரோட்டில் உள்ள பச்சை நமக்குச் சொல்கிற பச்சைதான். பதினைந்து வருஷமாக மெஷினுக்குப் பச்சை லைட் மாட்டிக்கொண்டிருக்கிற எனக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்பது உறுத்தியது.

அவளுக்குக் காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து யார் கிட்டப் போனாலும் முதலில் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் போவது என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். நான் அந்த இடத்தில் நின்றாலும் அதைத்தான் செய்வேன். ரோபோவிடம் சொல்ல அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு சொல், அந்தச் சிவப்புப் பொத்தான். "கொஞ்சம் பொறு" என்று சொல்லவும் அதுதான், "செத்தேன், நிறுத்து" என்று சொல்லவும் அதுதான்.

அண்ணாச்சியிடம் போய், "அவ்வோ பயப்படல அண்ணாச்சி, வேற வழியில்லாம அமுக்குதாவ" என்றேன். நோட்டைக் காட்டினேன். பதினோரு தடவை, தடவைக்கு நாலு நிமிஷம். வாங்கிப் பார்த்துவிட்டு, "செய்யி" என்றார்.

பேச்சுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

சில வேலைகள் பேச்சு வைப்பதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். பாதுகாப்பு இல்லாத இடத்தில் எச்சரிக்கைக் குரல் வைப்பது, குழியை மூடாமல் 'குழி இருக்கிறது' என்று போர்டு வைப்பது மாதிரி.

ஸ்கேனரின் நிறுத்தும் எல்லை 1200 மி.மீ. என்று இருந்தது. ஸ்கேனர் பார்த்ததிலிருந்து கை முழுதாக நிற்கிற வரை 0.4 நொடி ஆகிறது. நடந்து வருபவரின் வேகத்தை நொடிக்கு 1600 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். அதில் 640 மி.மீ. ஆயிற்று. ஸ்கேனர் தரையிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் இருப்பதால், அதற்கு மேலே கையை நீட்டி வருவதற்காக இன்னும் 1080 சேர்க்க வேண்டும். மொத்தம் 1720. எல்லையை அந்த அளவுக்கு விரித்தேன். விரித்ததும் டேப் மெஷின் முக்கு முழுசாகவே எல்லைக்குள் வந்துவிட்டது. முன்பு பொருத்தியவர்கள் அந்த முக்கை மட்டும் ஸ்கேனர் பார்க்காதபடி வெட்டி விட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் ரோபோ எந்நேரமும் நிற்கும் என்பதற்காக. தோளில் உரசியது அந்த முக்கில்தான். டேப் மெஷினை வெளியே தள்ளிப் போட்டு, கன்வேயரில் ஒரு துண்டைக் கூட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இன்னொன்று, வாக்வம் வால்வுக்கான கரண்ட் எமர்ஜென்சி ரிலே வழியாகப் போயிருந்தது. அதனால் பொத்தானை அமுக்கினால் கை பிடித்திருந்த ஆறு கிலோ பெட்டி தொப்பென்று விழும். காலடியில் விழுமோ என்ற பயம் வேறு அவர்களுக்கு. அந்த லைனைப் பிரித்து, நின்றாலும் பிடி விடாதபடி மாற்றினேன்.

"பொறு" என்று ஒரு சொல்

எமர்ஜென்சி ஸ்டாப் அடித்தால் கை நின்று, மோட்டாருக்குப் போகும் மின்சாரம் வெட்டப்பட்டு, பிரேக் பிடித்துவிடும். திரும்ப எழுப்ப பென்டன்டுக்குப் போய், பவர் கொடுத்து, பிரேக் விடுவித்து, புரோகிராமை முதலிலிருந்து ஓடவிட வேண்டும். இதைத் தெரிந்த ஒரே பையன் பெரும்பாலும் லோடு ஏற்றும் இடத்தில் இருப்பான்.

ஆனால் இந்த ரோபோவில் சேஃப்கார்ட் ஸ்டாப் என்று இன்னொன்றும் உண்டு. அதில் கை உடனே நிற்கும். மோட்டாரில் மின்சாரம் இருக்கும். பிடித்த பெட்டியைப் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே நிற்கும். அசைகிறதா என்று ரோபோவின் பாதுகாப்புப் பகுதி கண்காணித்துக்கொண்டே இருக்கும். ரீசெட் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்கான பாதுகாப்பு உள்ளீடு ஒரு ஜோடி சும்மா கிடந்தது. டேப் மெஷின் பக்கம் ஒன்று, பலகைப் பக்கம் ஒன்று என இரண்டு திருகு சுவிட்ச் வைத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு என்சி கான்டாக்ட் (சாதாரணமாக மூடியிருந்து, திருகினால் திறப்பது), இரண்டு தனித்தனி லைன். திருகினால் "பொறு".

"போ" என்று சொல்ல நீல நிற ஒளிப் பொத்தான் ஒன்று மட்டும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் கவனமாக இருந்தேன். இரண்டு பலகையும் முழுசாகத் தெரிகிற இடமாகவும், உள்ளே நிற்பவர் கை நீட்டினால் எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் உள்ளே குனிந்திருக்க இன்னொருவர் "போ" சொல்லிவிடுவார். தூணில் வைத்தோம். திருகிய சுவிட்சைத் திருகியவரே நேராக்கிவிட்டு வெளியே வந்தபிறகுதான் நீலப் பொத்தான் வேலை செய்யும்.

இந்தப் பகுதி முழுக்க ரோபோவின் சொந்தப் பாதுகாப்பு டெர்மினலுக்கு நேராகப் போகிறது. அடுத்து சொல்லப்போகிற விளக்கு, குரல் எதுவும் இதில் கலக்கவில்லை. குரலை ஓட்டும் ஆர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு ஒன்றை நம்பி ஒருவரை உள்ளே அனுப்பக் கூடாது. இதைச் செய்ய நினைக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானமாகப் போகாதீர்கள்.

விளக்கு

டவர் லைட்டைக் கழற்றி மறுபடி அடுக்கினேன். இயந்திர மின்சாதனங்களுக்கான ஐஇசி 60204-1 என்ற சர்வதேசத் தரம் விளக்கு நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறது. சிவப்பு ஆபத்து, மஞ்சள் இயல்பில்லாத நிலை, பச்சை இயல்பு, நீலம் ஆள் ஏதோ செய்தாக வேண்டும், வெள்ளை பொதுவான தகவல். நம் ஊர் மெஷின்களில் அந்த நீலத்தைப் பார்ப்பது அபூர்வம். எனக்கு இங்கே தேவைப்பட்டது அதுதான். பலகை நிறைந்தால், கப் பிடிக்காவிட்டால் நீலம்: "உங்களால் ஒரு வேலை ஆக வேண்டும்." இடித்து நின்றால் சிவப்பு. ஆள் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தால் மஞ்சள்.

பச்சையை எடுத்துவிட்டேன். நிறத்தில் தப்பில்லை. ஆனால் வண்ணார்பேட்டை சிக்னலில் தினமும் நிற்கிறவர்களிடம் போய் இங்கே பச்சைக்கு வேறு அர்த்தம் என்று பாடம் நடத்துவதைவிட எடுத்துவிடுவது சுலபம். ஓடும்போது நிலையான வெள்ளை. காத்திருக்கும்போது மெதுவாக மூச்சுவிடுவது மாதிரி ஏறி இறங்கும் வெள்ளை. நிற்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மூத்த அக்கா பார்த்ததும், "தூங்குதா, முழிச்சிக்கிட்டு இருக்கா?" என்றார். "முழிச்சிக்கிட்டு" என்றேன். அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது.

'உள்ளே வரலாம்' என்று சொல்லும் விளக்கு எதுவும் வைக்கவில்லை. உள்ளே போக வேண்டுமென்றால் திருகு சுவிட்சைத் திருகிவிட்டுப் போக வேண்டும். விளக்கு பழுதானால் பொய் சொல்லும்.

குரல்

என் அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர். நூற்பு மெஷின் சத்தத்தில் வாய்ப்பேச்சு கேட்காது. கை ஜாடையிலும் உதட்டசைவிலும் எட்டு மணி நேரம் பேசுவார்கள். வீட்டுக்கு வந்தும் அம்மாவிடம் தண்ணீர் கேட்கக் கையைத்தான் அசைப்பார். சத்தமான இடத்தில் கத்துவதால் பயனில்லை என்பதை நான் அவரிடம் பார்த்திருக்கிறேன். இருந்தும் முதலில் பெரிய ஹாரன் ஸ்பீக்கர் வாங்கி உச்சியில் கட்டினேன். மெஷின் சத்தத்தோடு சேர்ந்து அது வெறும் இரைச்சலாகப் போயிற்று. கழற்றிவிட்டு, டேப் மெஷினருகில் காது உயரத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று, பலகைப் பக்கம் ஒன்று வைத்ததும் தெளிவாகக் கேட்டது. மாவுத் தூசி உள்ளே போகாமலிருக்க முகப்பில் மெல்லிய துணி.

வயரிங் செய்ய விரும்புகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ரோபோவின் டிஜிட்டல் அவுட்புட் 24 வோல்ட். ஆர்டுயினோ நானோ 5 வோல்ட். நேராகக் கொடுத்தால் போர்டு எரியும். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ஒரு பிசி817 ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் சில்லு) வைத்தேன். அதன் முன்னால் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். பத்து மில்லி ஆம்பியர் போகும், கால் வாட் அளவுக்குச் சூடாகும், ஆகவே அரை வாட் ரெசிஸ்டராகப் போடுங்கள். குரலுக்கு டிஎஃப்பிளேயர் மினி. மெமரி கார்டிலிருந்து எம்பி3 வாசிக்கும் சின்ன போர்டு, மூன்று வாட் ஆம்ப்ளிஃபயர் அதிலேயே இருக்கிறது. நானோவிலிருந்து அதற்குச் சிக்னல் வரும் ஆர்எக்ஸ் லைனில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போடாவிட்டால் கொர்ரென்று இரையும். பலகைப் பக்க ஸ்பீக்கருக்குத் தனியாக பிஏஎம்8403 ஆம்ப்ளிஃபயர்.

ஒரு பெரிய பிழை செய்தேன். கார்டில் ஃபைல்களைக் காப்பி செய்த வரிசைப்படிதான் அந்த போர்டு எண் கொடுக்கும், பெயரைப் பார்க்காது. நான் ஒரு ஃபைலைத் திருத்தி மறுபடி போட்டேன், வரிசை மாறிவிட்டது. கப் பிடிக்காமல் பெட்டி நழுவும் நேரத்தில் "பலகை நெறஞ்சிட்டு, மாத்துங்க" என்று சொல்லிற்று. ஒரு அக்கா பலகையை இழுக்கப் போனார். நல்லவேளை, திருகு சுவிட்சைத் திருகிவிட்டுப் போனார். அன்றைக்கே எல்லாவற்றையும் 'எம்பி3' என்ற ஃபோல்டருக்குள் 0001, 0002 என்று பெயரிட்டு, அந்த ஃபோல்டரிலிருந்து எண் சொல்லிக் கூப்பிடும் கட்டளைக்கு மாற்றினேன். அப்படிச் செய்தால் பெயரைப் பார்த்துத்தான் வாசிக்கும். தப்பான செய்தி, செய்தியே இல்லாததைவிட மோசம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஐந்து நிலைமையையும் வேண்டுமென்றே உண்டாக்கி, சொல்வது சரிதானா என்று கேட்டுப் பார்க்காமல் ஷிப்டை விடுவதில்லை.

என்ன சொல்ல வேண்டும்?

இதில்தான் அதிக நாள் போயிற்று. நான் முதலில் கம்ப்யூட்டர் குரலில், "கவனம். இயந்திரக் கை இயங்கவிருக்கிறது" என்று வைத்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஜங்ஷன்ல ரயிலு வரப்போவுதுன்னு சொல்லுத மாதிரி இருக்கு. அது நம்மள இல்லல்லா" என்றார்கள். சரி, நீங்களே சொல்லுங்கள் என்று போனை நீட்டினேன்.

சின்னப் பெண் சட்டென்று, "ஏட்டி, கை வருது, தள்ளு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மூத்த அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "அது என்னைய எப்படி ஏட்டிங்கும்?" நியாயமான கேள்வி. 'அக்கா' என்றால் லோடு ஏற்றும் அண்ணன்மார் இருக்கிறார்கள். 'ஏங்க' என்றால் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். அரை மணி நேரம் பேசி, விளிச்சொல்லே வேண்டாம், "கை வருது, கை வருது" என்று மட்டும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. குரல் மூத்த அக்காவுடையது. பதிவு செய்தது அவர்கள் மெஷினை நிறுத்திய டீ நேரத்தில், மாவு மூட்டை அடுக்கிய அறையில். மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும், ஸ்டுடியோவே வேண்டாம்.

ரோபோ என்ற சொல்லை அவர்கள் யாரும் சொல்வதில்லை. "கை"தான். நான் "நான் வாரேன்" என்று சொல்ல வைக்கலாமா என்று கேட்டேன். மூத்த அக்கா யோசித்துவிட்டு, "நான்னு சொன்னா ஆளு மாதிரில்லா இருக்கும். நம்மளப் பாக்குதுன்னு நெனச்சிருவோம்" என்றார். இந்த வார்த்தையின் கனம் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது.

குரல் வைத்த மறுநாள். "கை வருது" என்று கேட்டதும் பெட்டியைச் சரி செய்துகொண்டிருந்த ஒரு பெண், தலையைத் தூக்காமலே, "இரு, வாரேன்" என்றாள். கை இருக்குமா? வந்தது. ஸ்கேனர் எல்லைக்குள் அவள் கால் பட்டதும் உடனே நின்றுவிட்டது. ஆனால் எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது. பேசுகிற ஒன்று கேட்கவும் செய்யும் என்று நம்புவது மனுஷ இயல்பு. அதுவும் கூட வேலை பார்க்கிற அக்காவின் குரலில் பேசினால் சொல்லவே வேண்டாம். நான் அதற்கு வாயைக் கொடுத்தபோது, காது இல்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு மெஷினை நிறுத்தி எல்லாரையும் கூட்டிச் செய்துகாட்டினேன். அட்டைப் பெட்டி ஒன்றைக் கை வரும் வழியில் தொங்கவிட்டு, "நில்லு, நில்லு" என்று கத்தினேன். கை வந்து இடித்துத்தான் நின்றது. அடுத்து சுவிட்சைத் திருகினேன். அந்த நொடியே நின்றது. பிறகு ஒவ்வொருவரும் தாங்களே கத்திப் பார்த்து, திருகிப் பார்த்தார்கள். சுவிட்சுக்கு மேலே மூத்த அக்கா சொன்னபடி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம்: "கைக்குக் காது கெடையாது. இதத் திருகு." புது ஆள் வந்தால் முதல் நாள் பாடம் இதுதான் என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

எத்தனை தடவை பேச வேண்டும் என்பது அடுத்த சிக்கல். முதலில் ஒவ்வொரு பெட்டிக்கும் "கை வருது" சொன்னது. நிமிஷத்துக்கு ஐந்து பெட்டி. மத்தியானத்துக்குள் யார் காதிலும் ஏறவில்லை. இப்போது பத்து நொடிக்கு மேல் காத்திருந்துவிட்டுக் கிளம்பும்போது மட்டும்தான் சொல்லும். சொன்ன பிறகு இரண்டு நொடி பொறுத்துத்தான் அசையும். மொத்தமே நாலு வாக்கியம். கிளம்பும்போது ஒன்று. பலகை நிறைந்தால் "பலகை நெறஞ்சிட்டு, மாத்துங்க." கப் பிடிக்காவிட்டால் "பெட்டி ஒட்டல, கப்பத் தொடைங்க." மாவுத் தூசி படிந்த கப்தான் பத்தில் எட்டு முறை காரணம், ஈரத் துணியால் துடைத்தால் தீரும். இடித்து நின்றால் "இடிச்சிட்டு, யாரும் தொடாதீங்க." ஆள் பக்கத்தில் வந்ததற்கு வாக்கியம் வைத்திருந்தேன். மஞ்சள் விளக்கே போதும், நாங்கள் வந்தது எங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். எடுத்துவிட்டேன். நின்றது ஏன் என்பதோடு, யார் என்ன செய்ய வேண்டும் என்பதும் ஒரே மூச்சில் வர வேண்டும். "கோளாறு" என்று மட்டும் சொன்னால் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மாடு தலையைத் தாழ்த்துவது

மூத்த அக்கா சொன்ன மாட்டுக் கதையை நான் விடவில்லை. அசைவே பேசினால் வாயும் விளக்கும் குறைவாகப் போதும். 2013-இல் அன்கா டிராகன், கென்டன் லீ, சித்தார்த்த சீனிவாசா மூவரும் ரோபோ அசைவு பற்றி எழுதிய ஒரு கட்டுரை எனக்கு முன்பே தெரியும். எதிர்பார்த்தபடி அசைவது ஒன்று, எங்கே போகிறது என்று பார்க்கிறவருக்குச் சீக்கிரம் புரியும்படி அசைவது இன்னொன்று, இரண்டும் வெவ்வேறு என்பது அதன் சாரம். படித்தபோது நல்ல யோசனை என்று நினைத்துக் கடந்துபோயிருந்தேன். அதே விஷயம் டேப் மெஷின் பக்கத்திலிருந்து மாட்டோடு வந்தபோதுதான் உறைத்தது.

பழைய புரோகிராமில் கை பெட்டியைத் தூக்கியதும் மூட்டுகளெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி, மிகக் குறைந்த நேரத்தில் பலகைக்குப் போகும். மெஷினுக்கு அது சுலபமான வழி. பார்க்கிறவருக்கோ முழங்கை எந்தப் பக்கம் வீசும், இடப் பலகைக்கா வலப் பலகைக்கா என்பது பெட்டி பாதி தூரம் போன பிறகுதான் தெரியும். மூன்று மாற்றம் செய்தேன். கிளம்பும் முன் மணிக்கட்டை மூன்று சென்டிமீட்டர் தூக்கி ஒரு கணம் நிற்கும். பெட்டியை எடுத்ததும் முதலில் போகப்போகும் பலகைப் பக்கம் திரும்பும். அப்புறம் நேர்கோட்டில் போகும். முழங்கை எப்போதும் சுவர்ப் பக்கமே இருக்கும்படி இடைப்புள்ளிகள் வைத்தேன்.

ஒரு பெட்டிக்கு ஒரு நொடி கூடிற்று. அண்ணாச்சி முகம் சுருங்கியது. கணக்குப் போட்டுக் காட்டினேன். கன்வேயரில் பெட்டி வருவது பன்னிரண்டு நொடிக்கு ஒன்று. கை ஒரு சுற்று முடிக்க ஒன்பது நொடி, இப்போது பத்து. எப்படியும் அடுத்த பெட்டிக்காக நிற்கத்தான் போகிறது. சும்மா நிற்கிற மூன்று நொடியில் ஒன்றை எடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்று காட்டச் செலவழிக்கிறது. "அப்பம் நட்டம் இல்ல" என்றார்.

நான் செய்த எல்லாவற்றிலும் அவர்களுக்கு அதிகம் பிடித்தது இதுதான். குரலைப் பற்றி விருந்தாளிகளிடம் சொல்வார்கள், ஆனால் வேலையின்போது அவர்கள் கண் அந்த மணிக்கட்டு அசைவில்தான் இருக்கிறது. முதுகைக் காட்டி நிற்கும்போது மட்டும்தான் குரல் உதவுகிறது.

மூன்று வாரம் கழித்து அதே ஸ்டூலில், அதே ஆறு மணி ஷிப்டில் உட்கார்ந்தேன். சிவப்புப் பொத்தான் ஒரு தடவைகூட அமுங்கவில்லை. திருகு சுவிட்ச் ஒன்பது தடவை. ஒவ்வொன்றும் அரை நிமிஷத்துக்குள் முடிந்தது, பென்டன்டுக்கு யாரும் போகவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை சிவப்புப் பொத்தானை ஷிப்ட் தொடங்கும்போது அமுக்கிச் சோதிக்க வேண்டும் என்று இப்போது நானே சொல்ல வேண்டியிருக்கிறது. தேய்ந்த குமிழையும் மாற்றிக் கொடுத்தேன்.

இன்னும் முடியாதது ஒன்று இருக்கிறது. ராத்திரி ஷிப்டில் லோடு ஏற்ற பீகாரிலிருந்து வந்த நான்கு பையன்கள் நிற்கிறார்கள். "கை வருது" அவர்களுக்குப் பழகிவிட்டது, ஒரு வாரத்தில் அதைத் தாங்களே சொல்லிக்கொண்டு நகர்கிறார்கள். ஆனால் "கப்பத் தொடைங்க" புரியவில்லை. நீலம் எரிந்தால் பலகையைத்தான் மாற்றப் போகிறார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே நீலம் வைத்தது என் தப்பு. அந்தப் பையன்களில் ஒருவன் குரலில் இந்தியில் நாலு வாக்கியம் பதிவு செய்து, ராத்திரியில் அதையும் சேர்த்து ஒலிக்க வைக்கலாம். அதைவிட, கப் பிடிக்காதபோது கை தானாகவே பெட்டியை இறக்கிவிட்டு, கப்பை ஆள் பக்கம் திருப்பிக் காட்டி நிற்கும்படி புரோகிராம் எழுதினால் எந்த மொழியும் தேவைப்படாது என்று மூத்த அக்கா சொல்கிறார். "கையில அழுக்குன்னா புள்ள கைய நீட்டிக் காட்டும்லா, அது மாதிரி." வரும் ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் எழுதப் போகிறேன்.